ஆயுதம் காணப்படாதபோதும் மீறல் என்றது ஏன்? அணுப்பொருள் கண்காணிப்பின் சட்டம்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருக்கோவிலைச் சேர்ந்தவரும் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் பயில்பவருமான மாணவி ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டிருப்பது இது: "2025 ஜூன் மாதத்தில் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் ஆளுநர் சபை, ஈரான் தன் கடப்பாடுகளை மீறிவிட்டது என்று தீர்மானித்தது. அதே மாதத்தில் முகவரகத்தின் பணிப்பாளர் நாயகம் ரஃபேல் குரோசி, ஈரான் அணுகுண்டு செய்யத் திட்டமிட்டு முயல்கிறது என்பதற்குத் தம்மிடம் ஆதாரம் இல்லை என்றார். சேர், இவை இரண்டும் ஒன்றாக எப்படி உண்மையாக இருக்க முடியும்? ஆதாரமில்லாமல் ஒரு நாட்டைக் குற்றவாளியாக்குவது சட்டமா? எங்கள் பக்கத்துக் கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது என்கிறார்கள். இந்தச் சட்டம் எங்களையும் தொடுமா?"

தங்கச்சி, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம், இருந்தன. உங்கள் கேள்வி குற்றவியல் நீதிமன்றத்தை மனதில் வைத்து எழுகிறது. அங்கே எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், தான் குற்றமற்றவர் என்று பொதுவாக நிரூபிக்க வேண்டியதில்லை. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுநரையே சாரும். அணுப்பொருள் கண்காணிப்பின் சட்டம் அந்த அடித்தளத்தில் கட்டப்படவில்லை. ஒரு நாடு தன்னிடமுள்ள அணுப்பொருளை (யுரேனியம், புளூட்டோனியம், தோரியம்) பற்றிப் பிறர் அறிந்துகொள்ளக்கூடிய நிலையைப் பேணுவதாகத் தானாக முன்வந்து வாக்களிக்கிறது. அந்த நிலை குலைந்தால், குண்டு இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு விடை கிடைப்பதற்கு முன்னரே, வாக்கு மீறப்பட்டதாகிவிடுகிறது.

இந்த வாக்கின் மூல ஆவணம் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம். 1968 ஜூலை 1ஆம் திகதி கையொப்பத்துக்குத் திறக்கப்பட்டு, 1970 மார்ச் 5ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தின் 2ஆம் உறுப்புரையில், அணு ஆயுதமற்ற நாடுகள் அவற்றைச் செய்வதோ பெறுவதோ இல்லை என்று உறுதியளிக்கின்றன. 3ஆம் உறுப்புரையில், அந்த உறுதி காக்கப்படுகிறதா என்பதைப் பார்ப்பதற்காக முகவரகத்துடன் தனியான காப்பேற்பாட்டு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொள்ளச் சம்மதிக்கின்றன. அந்த உடன்படிக்கைகளுக்கெல்லாம் வார்ப்பாக 1972இல் வெளிவந்த முகவரகத்தின் 153ஆம் இலக்கச் சுற்றறிக்கை அமைந்தது. இலங்கை 1979இல் ஒப்பந்தத்தில் இணைந்தது; அதன் காப்பேற்பாட்டு உடன்படிக்கை 1984இல் நடைமுறைக்கு வந்தது. ஈரானின் உடன்படிக்கை 1974 மே மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆகவே ஈரானைக் கட்டுப்படுத்துவதும் இலங்கையைக் கட்டுப்படுத்துவதும் பெரும்பாலும் ஒரே வாசகங்கள்தாம். இதை முதலில் மனதில் இருத்திக்கொண்டால் மிகுதி எளிதாக விளங்கும்.

அந்த வார்ப்பின் இரண்டு பந்திகளை நீங்கள் எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். 28ஆம் பந்தி நோக்கத்தைச் சொல்கிறது: குறிப்பிடத்தக்க அளவு அணுப்பொருள் அமைதிப் பணிகளிலிருந்து ஆயுதத்துக்கோ அறியப்படாத வேறு நோக்கத்துக்கோ திருப்பப்படுவதை உரிய காலத்தில் கண்டறிவதும், விரைவில் பிடிபடுவோம் என்ற அச்சத்தால் அத்தகைய திருப்பத்தைத் தடுப்பதும். உங்கள் முதற் கேள்விக்கான விடை 19ஆம் பந்தியில் இருக்கிறது. அணுப்பொருள் ஆயுதத்துக்குத் திருப்பப்படவில்லை என்பதைச் சரிபார்க்க முகவரகத்தால் இயலவில்லை என்று ஆளுநர் சபை கண்டால், அது ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபைக்கு அறிக்கையிடலாம் என்று அப்பந்தி கூறுகிறது. திருப்பப்பட்டது என்று முகவரகம் நிரூபித்தால்தான் அறிக்கையிடலாம் என்று அங்கே எழுதப்படவில்லை. 2025 ஜூன் 12ஆம் திகதித் தீர்மானம் இந்த வாசகத்தின் மீதே எழுப்பப்பட்டது. எங்கள் ஊர்ப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் நெற்களஞ்சியத்துக்குக் கணக்காய்வாளர் வரும்போது, ஒரு அறையின் திறப்பைத் தர மறுக்கும் முகாமையாளரை அவர் கள்வன் என்று எழுதுவதில்லை. ஆனால் இருப்பு சரி என்று கையொப்பமிடவும் அவரால் முடியாது, அந்த மறுப்பே அறிக்கையில் ஒரு குறையாக ஏறுகிறது.

ஈரான் விடயத்தில் திறக்கப்படாத அறை எது? அறிவிக்கப்படாத சில இடங்களில் மனிதக் கைபட்ட யுரேனியத் துகள்கள் காணப்பட்டன. தெஹ்ரானுக்கு அருகிலுள்ள துர்குசாபாத் என்ற இடத்தில் 2019இன் தொடக்கத்தில் பரிசோதகர்கள் சுவர், தரை முதலியவற்றைப் பஞ்சுத்துணியால் துடைத்து எடுத்த மாதிரிகளிலும் அத்தகைய துகள்கள் இருந்தன. இயற்கை மண்ணிலுள்ள யுரேனியத்துக்கும் ஆலையில் பதப்படுத்தப்பட்ட யுரேனியத்துக்கும் உள்ள வேறுபாட்டை வியன்னாவுக்கு அருகே சைபர்ஸ்டோர்ஃபில் அமைந்துள்ள முகவரகத்தின் ஆய்வுகூடம் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளிலிருந்தே சொல்லிவிடும். அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்ற கேள்விகளுக்கு ஆண்டுக்கணக்காக நம்பத்தகுந்த விடை வரவில்லை. அதனால் 35 உறுப்பினர் கொண்ட ஆளுநர் சபையில் 19 நாடுகள் தீர்மானத்துக்கு ஆதரவாகவும், ரஷ்யா, சீனா, புர்க்கினா பாசோ ஆகிய மூன்றும் எதிராகவும் வாக்களித்தன. 11 நாடுகள் வாக்களிப்பில் நடுநிலை வகித்தன. குரோசி சொன்னது ஆயுதத் திட்டத்தைப் பற்றி. சபை தீர்மானித்தது விடை தராமையைப் பற்றி.

இவ்விடத்தில் நான் சற்று நின்று, சரிபார்ப்பு என்ற வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். சட்டம் படிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தொழில்நுட்பம் என்று ஒதுக்கிவிடுவதால்தான் பல விவாதங்கள் வெறும் சொற்போராகின்றன.

முகவரகம் எல்லாப் பொருளையும் கிராம் கணக்கில் காவல் காப்பதில்லை. ஒரு குண்டு செய்யக்கூடிய சாத்தியத்தை விலக்க முடியாத அளவை அது குறிப்பிடத்தக்க அளவு என்று வரையறுத்திருக்கிறது: புளூட்டோனியம் 8 கிலோகிராம்; 20 வீதமோ அதற்கு மேலோ செறிவூட்டப்பட்ட (எளிதில் பிளவுபடும் வகையான யுரேனியம்-235இன் பங்கு உயர்த்தப்பட்ட) யுரேனியமாயின் அதிலுள்ள யுரேனியம்-235 25 கிலோகிராம்; அதற்குக் குறைவாகச் செறிவூட்டப்பட்டதாயின் 75 கிலோகிராம்; தோரியமாயின் 20 தொன். ஆயுதத்துக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய, உலையில் கதிரியக்கத்துக்கு உட்படாத பொருள் காணாமற்போனால் ஒரு மாதத்துக்குள்ளும், எரிந்த எரிபொருளிலுள்ள புளூட்டோனியம் போன்றதாயின் மூன்று மாதத்துக்குள்ளும், மேலும் பதப்படுத்த வேண்டிய பொருளாயின் ஓராண்டுக்குள்ளும் கண்டறிவதே இலக்கு. நாடு தன் இருப்பையும் வரவுசெலவையும் அறிவிக்கிறது. பரிசோதகர்கள் போய் எண்ணுகிறார்கள், நிறுக்கிறார்கள், மாதிரி எடுக்கிறார்கள். அவர்கள் இல்லாத நாட்களில் முத்திரைகளும் கமராக்களும் அந்தக் கணக்கின் தொடர்ச்சியைக் காக்கின்றன.

இவ்வளவும் அறிவிக்கப்பட்ட பொருளுக்குச் சரி. அறிவிக்கப்படாததை என்ன செய்வது? 1991இல் இந்தக் கேள்வி முகத்தில் அறைந்தது. ஈராக் 1972இலிருந்து முழுமையான காப்பேற்பாட்டு உடன்படிக்கைக்கு உட்பட்ட நாடு. அதன் அறிவிக்கப்பட்ட பொருளெல்லாம் ஒழுங்காகக் கணக்கில் இருந்தது. வளைகுடாப் போருக்குப் பின் பாதுகாப்புச் சபையின் 687ஆம் இலக்கத் தீர்மானத்தின் கீழ்ச் சென்ற குழுக்கள், பரிசோதகர்கள் வழமையாகப் போய்வந்த துவைத்தா அணு ஆராய்ச்சி வளாகத்திலேயே, அவர்கள் நுழையாத கட்டடங்களில் இரகசியத் திட்டத்தின் பகுதிகள் நடந்திருப்பதைக் கண்டன. கணக்குப் புத்தகத்தில் உள்ளவை சரியா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், புத்தகத்தில் எழுதப்படாதவை கண்ணுக்குப் படா என்பதை அப்போது உலகம் கற்றுக்கொண்டது.

அடுத்த ஆண்டிலேயே வட கொரியா வந்தது. என் பார்வையில் சரிபார்ப்பின் வரலாற்றில் இதுவே மிகத் துல்லியமான பாடம். 1992 மே மாதத்தில் கொடுத்த முதலாவது அறிக்கையில், ஒரே தடவையில் சுமார் 90 கிராம் புளூட்டோனியம் மட்டும் பிரித்தெடுத்ததாக அந்நாடு கூறியது. புளூட்டோனியத்தின் ஓர் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகை) காலப்போக்கில் அமெரிசியம் என்ற வேறொரு தனிமமாக மாறிக்கொண்டே இருக்கும். இரசாயன முறையில் பிரித்தெடுக்கும்போது அதுவரை சேர்ந்த அமெரிசியம் நீங்கிவிடுவதால், பின்னர் எவ்வளவு அமெரிசியம் சேர்ந்திருக்கிறது என்பதை அளந்தால், பிரித்தெடுத்த காலம் தெரிந்துவிடும். மாதிரிகள் வெவ்வேறு ஆண்டுகளில், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பிரித்தெடுப்பு நடந்ததைக் காட்டின. அறிவித்த வரலாறு அணுக்களின் வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை. 1993 பெப்ரவரியில் முகவரகம் இரண்டு கழிவுக் களங்களைப் பார்வையிட விசேட பரிசோதனை கோரியது. வட கொரியா மறுத்து, மார்ச் மாதத்தில் ஒப்பந்தத்திலிருந்து விலகப்போவதாக அறிவித்தது. ஏப்ரல் 1ஆம் திகதி ஆளுநர் சபை அதனை மீறலாகப் பதிந்து பாதுகாப்புச் சபைக்கு அனுப்பியது. அப்போதும் குண்டு எதையும் யாரும் காணவில்லை என்பதைக் கவனியுங்கள். 2006 ஒக்டோபரில் அந்நாடு முதலாவது குண்டை வெடித்துக் காட்டியது.

பரிசோதகர்களுக்குத் திறந்து காட்டிய தென்னாபிரிக்காவையும் சொல்லாவிட்டால் படம் ஒருபக்கமாகிவிடும். ஆறு குண்டுகளைச் செய்து தானாகவே கழற்றிவிட்டு, 1991இல் ஒப்பந்தத்தில் இணைந்த அந்நாடு, பழைய உற்பத்திப் பதிவேடுகள் வரை பரிசோதகர்களுக்குக் கொடுத்தது. தடையின்றிக் கொடுத்ததால் நம்பிக்கை பிறந்தது.

இந்த அனுபவங்களின் விளைவாக 1997 மே மாதத்தில் மேலதிக நெறிமுறையின் மாதிரியை ஆளுநர் சபை ஏற்றுக்கொண்டது. அதை ஏற்கும் நாடு, அணுப்பொருள் இருக்கும் இடங்களை மட்டுமன்றி, அகழ்விலிருந்து கழிவு வரையுள்ள முழுச் சங்கிலியையும், அதற்கான ஆராய்ச்சிகளையும், சில உபகரணங்களின் உற்பத்தியையும் அறிவிக்க வேண்டும். 24 மணித்தியால முன்னறிவித்தலில், ஏற்கனவே தளத்துக்குள் நிற்கும் பரிசோதகர் கேட்டால் 2 மணித்தியால முன்னறிவித்தலில், இடங்களைத் திறந்துவிட வேண்டும். ஆனால் இந்த நெறிமுறை விருப்பத்துக்குரியது. எந்த நாடும் அதை ஏற்கும்படி ஒப்பந்தம் கட்டாயப்படுத்துவதில்லை. ஈரான் 2016 ஜனவரியிலிருந்து அதைத் தற்காலிகமாகக் கடைப்பிடித்து, ஈரானின் அணுத் திட்டத்தைக் கட்டுப்படுத்த 2015இல் செய்துகொள்ளப்பட்ட கூட்டு உடன்பாட்டிலிருந்து அமெரிக்கா 2018 மே மாதத்தில் வெளியேறிய பின்னர், 2021 பெப்ரவரியில் நிறுத்தியது. நெறிமுறையைக் கடைப்பிடிக்காததற்காக ஈரானை மீறல் செய்த நாடு என்று சொல்வோர் சட்டத்தில் பிழை விடுகிறார்கள். அதன் மீறல் பழைய, அடிப்படை உடன்படிக்கையின் கீழானது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வியின் கடினமான பகுதிக்கு வருகிறேன். மீறல் என்ற தீர்மானம் குண்டு வீச அனுமதி தருகிறதா? எவ்வகையிலும் இல்லை, இதில் நான் தயக்கமின்றிப் பேசுவேன். முகவரகத்தின் யாப்பில் 12ஆம் உறுப்புரையின் மூன்றாம் பிரிவு, மீறலை உறுப்பு நாடுகளுக்கும், பாதுகாப்புச் சபைக்கும், பொதுச் சபைக்கும் அறிவிக்கச் சொல்கிறது. முகவரகம் தன் உதவிகளை நிறுத்தலாம், கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கலாம். அதற்கு மேற்பட்ட பலவந்தம் எதுவானாலும் அது பாதுகாப்புச் சபையின் வழியே வரவேண்டும். இல்லாவிட்டால் ஐக்கிய நாடுகள் சாசனத்தின் பலப்பிரயோகத் தடையை மீறும். 1981 ஜூன் 7ஆம் திகதி இஸ்ரேல் ஈராக்கின் ஒசிராக் உலையைத் தகர்த்தபோது, பாதுகாப்புச் சபை 487ஆம் இலக்கத் தீர்மானத்தில் அதை வன்மையாகக் கண்டித்தது. இஸ்ரேல் தன் அணு நிலையங்களை முகவரகத்தின் காப்பேற்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்றும் அதே தீர்மானம் கேட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அந்த வேண்டுகோள் இன்றுவரை நிறைவேறவில்லை.

2025 ஜூன் 12ஆம் திகதி ஆளுநர் சபை வாக்களித்தது. 13ஆம் திகதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கத் தொடங்கியது. 22ஆம் திகதி அமெரிக்கா போர்தோ, நதான்ஸ், இஸ்பஹான் ஆகிய தளங்களைத் தாக்கியது. தாக்குதலின் சட்டக் குறை ஒருபுறம் இருக்க, அது சரிபார்ப்புக்குச் செய்த கேட்டை எண்களிலேயே காணலாம். தாக்குதல் தொடங்கிய நாளில் 60 வீதம் செறிவூட்டப்பட்ட யுரேனியம் ஈரானிடம் 440.9 கிலோகிராம் இருந்ததாக முகவரகம் மதிப்பிட்டது. அதில் யுரேனியம்-235 மட்டும் ஏறத்தாழ 264 கிலோகிராம்; மேலே சொன்ன 25 கிலோகிராம் அளவுகோலின்படி பத்து மடங்குக்கு மேல். அதுவரை அந்த இருப்பு முகவரகத்தின் கணக்கில் இருந்தது. குண்டுகள் விழுந்து, பரிசோதகர்கள் வெளியேறி, ஈரான் ஜூலை மாதத்தில் ஒத்துழைப்பை இடைநிறுத்தும் சட்டத்தை நடைமுறைப்படுத்தியதும், கணக்கின் தொடர்ச்சி அறுந்தது. மாதம் ஒருமுறை பார்க்க வேண்டிய பொருள் மாதக்கணக்கில் பார்க்கப்படாமல் போனது. அணுப்பொருள் பரவக்கூடாது என்பதற்காகச் செய்ததாகச் சொல்லப்பட்ட செயல், அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்ற அறிவை அழித்தது.

பரிசோதகரின் சொல் செவிமடுக்கப்படாமற்போவது இது முதல் தடவையுமல்ல. 2003 மார்ச் 7ஆம் திகதி முகவரகத்தின் அப்போதைய பணிப்பாளர் நாயகம் முகமது எல்பரதேய், ஈராக் அணு ஆயுதத் திட்டத்தை மீண்டும் தொடங்கியதற்கான சான்று காணப்படவில்லை என்றும், நைஜரிடமிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் உண்மையானவையல்ல என்றும் பாதுகாப்புச் சபையில் கூறினார். இரு கிழமைக்குள் போர் தொடங்கியது. போருக்குப் பின் தேடியவர்களும் மீண்டும் தொடங்கிய அணு ஆயுதத் திட்டம் எதையும் காணவில்லை. சரிபார்ப்பு தோற்றது என்று சொல்லும் எவருக்கும் நான் இந்த நாளையே நினைவூட்டுவேன்: அன்று சரிபார்ப்பு சரியாகவே சொன்னது.

இந்தச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றல்லவே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான். 1967 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் குண்டு வெடித்த ஐந்து நாடுகள் தாம் விரும்பிய நிலையங்களை மட்டும் பரிசோதனைக்கு முன்வைக்கின்றன. ஒப்பந்தத்தில் சேராத இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் ஆகியவை குறித்த நிலையங்களுக்கு மட்டும் உடன்படிக்கை வைத்திருக்கின்றன. நமக்கு அண்மையிலுள்ள கூடங்குளத்தின் ரஷ்ய உலைகள் முகவரகத்தின் காப்பேற்பாட்டுக்கு உட்பட்டவை. கல்பாக்கத்தின் விரைவு ஈனுலை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் வகை உலை) உட்பட்டதல்ல. (கூடங்குளத்தில் விபத்து நேருமா என்ற எங்கள் கரையோர மக்களின் கவலைக்கு இந்தப் பரிசோதகர்கள் விடை தருவதில்லை, அவர்கள் பார்ப்பது பொருள் திருப்பப்படுகிறதா என்பதை மட்டுமே.) ஆயுதம் வைத்திருக்கும் ஒப்பந்த நாடுகளுக்கும் 6ஆம் உறுப்புரையில் ஒரு கடப்பாடு உண்டு. 1996 ஜூலை 8ஆம் திகதி சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில், ஆயுதக் களைவுப் பேச்சுவார்த்தையை நல்லெண்ணத்தோடு நடத்தி முடிவுக்குக் கொண்டுவரும் கடப்பாடு இருப்பதாக ஏகமனதாகக் கூறியது. அந்த அமர்வில் நம் நாட்டவரான நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி, அணு ஆயுதப் பிரயோகம் எந்தச் சூழ்நிலையிலும் சட்டவிரோதம் என்று விரிவான மாறுபட்ட கருத்தை எழுதினார். அதற்கு முந்திய ஆண்டில் ஒப்பந்தத்தைக் காலவரையறையின்றி நீடித்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் இலங்கையரான ஜயந்த தனபாலவே. பெரிய நாடுகள் தம் பக்கத்துக் கடனைச் செலுத்தவில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அது சிறிய நாடு ஒன்றின் கணக்கு மறைப்பைச் சட்டபூர்வமாக்காது.

இனி உங்கள் ஊர் மணல். கிழக்குக் கரையின் கனிய மணலில், புல்மோட்டையில் பல காலமாக அகழப்படுவது போல, இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் ஆகியவற்றோடு சிறு பங்கு மொனசைட்டும் இருக்கிறது. உலையில் அணு எரிபொருளாக மாற்றக்கூடிய தோரியம் அந்த மொனசைட்டில்தான் உள்ளது. கரையில் கிடக்கும் தாதுமணலை உடன்படிக்கை அணுப்பொருளாகக் கருதுவதில்லை. ஆகவே முகவரகத்தின் தலைமையகம் உள்ள வியன்னாவிலிருந்து யாரும் வந்து திருக்கோவில் மணலை எண்ணப்போவதில்லை. மணலிலிருந்து தோரியத்தைப் பிரித்துச் செறிவாக்கிய பொருளை அணுசக்தித் தேவைக்காக ஏற்றுமதி செய்யும்போது அதன் அளவையும், சேர்க்கையையும், சேருமிடத்தையும் முகவரகத்துக்கு அறிவிக்கும் கடமை எழுகிறது. மேலதிக நெறிமுறையின் கீழாயின், தோரியத்தைச் செறிவாக்கும் ஆலை இருக்கும் இடமும் அதன் ஆண்டுக் கொள்ளளவும்கூட அறிவிக்கப்பட வேண்டும். உள்நாட்டில் இவற்றுக்கான அனுமதிப்பத்திரமும் மேற்பார்வையும் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குபடுத்தும் பேரவையின் கையில் உள்ளன. இல்மனைட் அகழ்வால் கரை அரிக்கப்படுமா, கிணற்று நீர் உவர்க்குமா என்று உங்கள் பகுதி மக்கள் எழுப்பும் கேள்விகள் மிகவும் நியாயமானவை; அவற்றுக்கு விடை சுற்றாடல் சட்டத்திலும் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்திலும் தேடப்பட வேண்டும், அணுச்சட்டம் அங்கே உங்களுக்கு உதவாது.

மணலைவிட எதிர்பாராத இடத்தில் இந்தச் சட்டம் நம் வாழ்வைத் தொடுகிறது. புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை தரும் பழைய கோபால்ட் இயந்திரங்கள் சிலவற்றில், கதிர் வெளியே கசியாமலிருக்க, யுரேனியம்-235 குறைக்கப்பட்ட யுரேனியம் கவசமாக வைக்கப்படுகிறது. கோபால்ட் அணுப்பொருளல்ல, அந்தக் கவசம் அணுப்பொருள். இயந்திரம் கழிக்கப்படும்போது அது பழைய இரும்பாக எங்கோ போய்விட்டால், நாட்டின் கணக்கில் ஒரு ஓட்டை விழுகிறது. ஆகவே நமது நாடும் ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்கும் நாடுதான்.

நீங்கள் ஆய்வுக் கட்டுரை எழுதுவதானால், முகவரகம் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் காப்பேற்பாட்டு முடிவுகளை முதலில் எடுத்துப் பாருங்கள். அடிப்படை உடன்படிக்கை மட்டும் உள்ள நாடுகளுக்கு, அறிவிக்கப்பட்ட அணுப்பொருள் அமைதிப் பணிகளில் இருந்தது என்று மட்டுமே முகவரகம் எழுதுகிறது. மேலதிக நெறிமுறையும் நடைமுறையில் இருந்து, போதிய மதிப்பீடும் முடிந்த நாடுகளுக்கு, எல்லா அணுப்பொருளும் அமைதிப் பணிகளில் இருந்தது என்று எழுதுகிறது. நீங்கள் ஆராயும் நாடு இவ்விரண்டில் எந்தப் பட்டியலில் எந்த ஆண்டு ஏறியது, எந்த ஆண்டு இறங்கியது என்று ஒரு அட்டவணை போட்டுக்கொண்டு, அதன் பிறகு அந்நாட்டைப் பற்றிய செய்திகளுக்குப் போவது நல்லது.